சாவியும் திறவுகோலும்

திண்டுக்கல் என்றவுடன் வெளியூர் மக்களின் நினைவுக்கு முதலில் வருவது பூட்டு. மலைக்கோட்டையும் புகையிலையும் சிறுமலை வாழையும் அதன் பின்னரே வரும். நகரிலும், அதனை அடுத்த நல்லாம்பட்டி முதலிய ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கையாலேயே பூட்டுச் செய்துவந்த குடும்பங்கள் உண்டு. இயந்திரத்தில் செய்த மலிவான பூட்டுகள் வடக்கிலிருந்து வந்து குவிந்தபின் அத்தொழில் மெலிந்துவிட்டது. ஆயினும் 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டு அவற்றுள் பெயர் பெற்றது.

அந்தப் பூட்டைத் திறப்பதற்கு நாம் கையில் எடுக்கும் பொருளின் பெயரைச் சற்று நின்று கவனிப்போம். 'சாவி' என்கிறோம். இது தமிழில் பிறந்த சொல் அன்று. போர்த்துக்கீசியக் கப்பல்களில் வந்து, கடற்கரைப் பட்டினங்களில் இறங்கி, நாட்டுக்குள் நடந்து வந்த சொல். தமிழுக்குச் சொந்தமாகத் 'திறவுகோல்' என்ற அழகிய சொல் இருக்கிறது. ஆண்டவர் இராயப்பரிடம் ஒப்படைத்ததாக நாம் நற்செய்தியில் வாசிப்பது திறவுகோலையே. ஆனால் வீட்டுக் கதவுக்கு நமக்குச் சாவிதான் பழகிவிட்டது.

போர்த்துக்கீசியருக்கு அச்சொல் இலத்தீனிலிருந்து கிடைத்தது. இலத்தீனில் திறவுகோலுக்குக் 'கிளாவிஸ்' என்று பெயர். இந்தத் தாய்க்கு ஆங்கிலத்திலும் பிள்ளைகள் உண்டு. மருத்துவர் 'கிளாவிக்கிள்' என்று சொல்லும் காறையெலும்பு 'சிறு சாவி' என்ற பொருளுடையது. ஒரு நாட்டின் நடுவே அடைபட்டுக் கிடக்கும் பிறர் நிலப்பகுதியை 'என்கிளேவ்' என்பார்கள். எல்லாவற்றையும்விட நமக்கு நெருக்கமானது 'கான்கிளேவ்' என்னும் சொல். 'சாவியோடு' என்பதே அதன் நேர்ப்பொருள். சாவி போட்டுப் பூட்டிய அறை என்பது அதன் கருத்து. 1268ஆம் ஆண்டில் திருத்தந்தை நான்காம் கிளமெந்து இறந்தபின் வித்தெர்போ நகரில் கூடிய கர்தினால்மார் மூன்றாண்டுக் காலம் அளவும் முடிவு காணாமல் இருந்தனர். அவ்வூர் மக்கள் பொறுமையிழந்து அவர்களை உள்ளே வைத்துப் பூட்டினர் என்பது வரலாறு. 1271இல் தெரிந்தெடுக்கப்பட்ட பத்தாம் கிரகோரியார், 1274இல் லியோன் பொதுச்சங்கத்தில் அந்தப் பூட்டையே சட்டமாக்கினார். 2025ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் சிங்கராயர் தெரிந்தெடுக்கப்பட்டபோதும் கர்தினால்மார் இருந்தது பூட்டிய அறைக்குள்தான்.

அந்த நாள்களில் செய்தித்தாளில் 'கான்கிளேவ்' என்ற சொல்லைப் பார்த்த நம் பிள்ளைகளில் பலர், அதைக் கடினமான ஆங்கிலச் சொல் என்று எண்ணி ஏட்டில் எழுதி மனனம் செய்திருப்பார்கள். தங்கள் சட்டைப்பையில் கிடக்கும் சாவியின் உடன்பிறப்பு அது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணம் இதுவே.

கீழ்வீடும் மேல்மாடியும்

ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவருக்கு இரண்டு தடைகள் உண்டு. முதல் தடையைப் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். நீர், வீடு, உணவு, உறக்கம், நடை, ஓட்டம் ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்கள் சிறியவை. திரும்பத் திரும்பக் காதில் விழுபவை. இரண்டாம் தடை உயர்நிலைச் சொற்கள். நாளேட்டின் தலையங்கத்திலும், நீதிமன்றத் தீர்ப்பிலும், கல்லூரிப் பாடநூலிலும், போட்டித் தேர்விலும் வருபவை அவை. இங்கேதான் நாட்டுப்புறத்து மாணவர் நின்றுவிடுகிறார். அகரவரிசைப் பட்டியலை வாங்கி நாளுக்கு இருபது சொல் என்று நெட்டுருப் போடுகிறார். முப்பதாம் நாளில் முதல் நாள் சொற்கள் மறந்துபோகின்றன. தம் அறிவின்மேலேயே அவருக்கு ஐயம் பிறக்கிறது.

குறை அவர் அறிவில் இல்லை. ஆங்கிலம் ஒரு மாடி வீடு. கீழ்வீட்டைக் கட்டியவர்கள் ஆங்கிலோ-சாக்சன் குடியானவர்கள். மேல்மாடியைக் கட்டியது பெரும்பாலும் இலத்தீன். 597ஆம் ஆண்டில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் அனுப்பிய அகுஸ்தீனார் கெண்டு நாட்டில் வந்திறங்கியபின், பீடம், மெழுகுதிரி, பூசை ஆகியவற்றுக்குரிய இலத்தீன் சொற்கள் அந்நாட்டுப் பேச்சில் வேரூன்றின. 1066இல் நார்மானியர் வென்றபின் இலத்தீனின் மகளான பிரெஞ்சு, அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் மொழியாயிற்று. பின்னர் மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர் இலத்தீன் நூல்களிலிருந்து நேராகவே ஆயிரக்கணக்கான சொற்களை எடுத்துக்கொண்டனர். ஆகவே ஒரே கருத்துக்கு மூன்று படிகளில் சொற்கள் அமைந்தன. அரசனுக்குரியது என்பதைக் 'கிங்லி' என்று குடியானவன் சொன்னான். 'ராயல்' என்று பிரெஞ்சு வழியில் அவையோர் சொன்னார்கள். 'ரீகல்' என்று இலத்தீன் வழியில் கற்றோர் சொன்னார்கள். கேட்பதற்கு 'ஆஸ்க்', 'கொஸ்டின்', 'இன்டராகேட்' என்ற மூன்றும் அவ்வாறே வந்தன.

இது தமிழருக்குப் புதுமையன்று. வீடு, இல்லம், கிரகம் என்று மூன்றும் நம்மிடம் உண்டு. எதை எங்கே சொல்வது என்று நம் செவி அறியும். ஆங்கிலத்தின் மேல்மாடிக்கு ஏறும் படிக்கட்டு இலத்தீன் என்று அறிந்துகொண்டால், ஆயிரம் சொற்களைத் தனித்தனியே மனனம் செய்வதற்குப் பதில் நூறு வேர்களை அறிந்தால் போதும். நார்மன் லூயிஸ் என்ற அமெரிக்கர் 1949இல் வெளியிட்ட சொல்வளநூல் நம் நாட்டில் இன்றும் விற்பனையாவதற்குக் காரணம் இந்த வேர்வழியே.

அந்த வேர்களில் நல்ல பகுதி, திண்டுக்கல் சமவெளியின் கத்தோலிக்க ஊர்களில் மூன்றரை நூற்றாண்டாக ஒலித்துக்கொண்டே இருந்தது என்பதுதான் நாம் மறந்துபோன செய்தி.

பீடத்தருகில் கேட்ட மொழி

தத்துவ போதகர் என்று நாம் அழைக்கும் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1606இல் மதுரைக்கு வந்தார். மதுரை நாயக்கர் ஆட்சிக்குட்பட்ட இந்தச் சமவெளியிலும் மதுரை மறைத்தளத்தின் விதை விழுந்தது. 1773இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டதும், மீட்கப்பட்ட சபையின் குருக்கள் 1838இல் மீண்டும் மதுரைத் தளத்துக்கு வந்ததும், 1886இல் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டம் அமைந்ததும், அதிலிருந்து 2003இல் திண்டுக்கல் மறைமாவட்டம் பிரிந்ததும் நாம் அறிந்தவை. இந்த நெடுங்காலத்தின் பெரும்பகுதியில் மக்கள் தமிழில் செபித்தார்கள், தமிழில் பாடினார்கள், தமிழில் மறையுரை கேட்டார்கள். ஆனால் பீடத்தில் ஒலித்த மொழி இலத்தீன். குருவுக்கு மறுமொழி சொன்னவன் பெரும்பாலும் பத்து வயதுச் சிறுவன்.

அத்தகைய சிறுவருள் ஒருவர் என் பாட்டனார். புகையிலைக் கொல்லையில் உழைத்த குடும்பம். பூசை மறுமொழிகள் முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படித்தவர். அதிகாலைப் பூசைக்கு இருட்டில் நடந்து சென்று, முழந்தாளிட்டு, தடுமாறாமல் சொல்லி முடிப்பார் என்று ஊரில் பெயர். அதே சிறுவன் பள்ளியில் ஆங்கிலத்தில் தேறவில்லை. அவருக்கு ஆங்கிலம் ஏறாது என்று முடிவுகட்டிவிட்டார்கள். படிப்பு நின்றது, கொல்லைக்குத் திரும்பினார்.

1980களின் நடுவில் நான் வங்கித் தேர்வுக்காகச் சொற்பட்டியல் ஒன்றை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். 'இம்பெக்கபிள்' என்ற சொல் எனக்கு எத்தனை முறை படித்தும் நிற்கவில்லை. திண்ணையில் இருந்த பாட்டனார், "அதென்ன பெக்காத்தாவா?" என்று கேட்டார். "பெக்காத்தா என்றால் என்ன தாத்தா?" என்றேன். "பாவங்கள். உலகத்தின் பாவங்களைப் போக்குகிறவர் என்று பூசையில் வருமே, அந்தப் பாவங்கள்" என்றார். நான் ஏட்டைப் பார்த்தேன். குற்றமற்ற, மாசற்ற என்று பொருள் எழுதியிருந்தது. பாவம் செய்ய இயலாத என்பதே அச்சொல்லின் முதற்பொருள் என்று பின்னர் அகராதியில் கண்டேன். அந்தச் சொல் அதன்பின் எனக்கு மறக்கவே இல்லை. சிறு குற்றத்தைக் குறிக்கும் 'பெக்கடில்லோ'வும் அதனோடு சேர்ந்து வந்துவிட்டது.

அன்று எனக்கு மகிழ்ச்சியோடு ஒரு வருத்தமும் தோன்றியது. ஆங்கிலம் ஏறாது என்று தள்ளப்பட்ட சிறுவனின் நாவில் ஆங்கிலத்தின் மேல்மாடிக்குரிய வேர்கள் நூற்றுக்கணக்கில் இருந்திருக்கின்றன. கோயிலில் இருந்தது பள்ளிக்குத் தெரியவில்லை; பள்ளியில் வேண்டப்பட்டது கோயிலுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் இடையே நடந்து சென்ற சிறுவனிடம் இரண்டும் ஒன்றே என்று சொல்ல ஒருவரும் இல்லை.

ஒரு செபம் தரும் சொற்கள்

இது மிகைக்கூற்றோ என்று வாசகர் ஐயுறலாம். நாம் நாள்தோறும் சொல்லும் கர்த்தர் கற்பித்த செபத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். இலத்தீனில் அதன் தொடக்கச் சொல் தந்தையைக் குறிக்கும் 'பாத்தெர்'. தந்தைவழி என்று பொருள்படும் 'பெட்டர்னல்', தந்தைவழிச் சொத்தான 'பேட்ரிமொனி', காப்பாளரான 'பேட்ரன்' ஆகியவை அதிலிருந்து பிறந்தவை. நாம் குருவைப் 'பாதிரியார்' என்று அழைப்பதும் அதே வேரிலிருந்து போர்த்துக்கீசியம் வழியாக வந்ததே. அரசைக் குறிக்கும் 'ரேஞ்ஞும்' என்பதிலிருந்து ஆட்சிக்காலத்தைக் குறிக்கும் 'ரெயின்' வந்தது. சித்தத்தைக் குறிக்கும் 'வொலுந்தாஸ்' தன் விருப்பத்தோடு முன்வரும் 'வாலண்டிய'ரைத் தந்தது. பூமியைக் குறிக்கும் 'தெர்ரா', ஆட்சிநிலமான 'டெரிட்டரி'யையும், மண்ணுலகுக்குரிய என்னும் 'டெரஸ்ட்ரிய'லையும் தந்தது.

அன்றன்றுள்ள அப்பம் என்று கேட்கிறோம். அப்பத்துக்குரிய இலத்தீன் சொல் 'பானிஸ்'. 'கம்பேனியன்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தோழர் என்று மொழிபெயர்க்கிறோம். அப்பத்தைப் பகிர்ந்து உண்பவர் என்பது அதன் வேர்ப்பொருள். நற்கருணைப் பந்தியில் அமரும் நமக்கு இதைவிட விளக்கம் வேண்டுமோ? வணிக நிறுவனங்களின் பெயர்ப்பலகையில் காணும் 'கம்பெனி'யும் அதே அப்பத்திலிருந்து வந்ததுதான். அன்றன்றுள்ள என்பதற்கு இலத்தீனில் 'கோத்திதியானும்' என்று வரும். ஆங்கிலத் தலையங்கங்களில் அருகி வரும் 'கொட்டிடியன்' என்ற சொல்லைப் பட்டதாரிகளும் அகராதியில் தேடுவார்கள். அன்றாட என்பதே பொருள். எழுத்தறியாத நம் பாட்டிமாரும் அந்த ஒலியைக் கோயிலில் கேட்டு வளர்ந்தவர்கள்.

இன்னும் உண்டு. நம் கடன்களைக் குறிக்கும் 'தேபித்தா', வங்கிக் கணக்கின் 'டெபிட்' ஆயிற்று. சோதனையைக் குறிக்கும் சொல் 'டெம்ப்டேஷன்' ஆயிற்று. விடுவித்தருளும் என்னும் 'லீபெரா', விடுதலையைக் குறிக்கும் 'லிபரேட்' முதலியவற்றைத் தந்தது. தீமையைக் குறிக்கும் 'மாலும்' என்பதிலிருந்து வன்மமான 'மேலிஸ்', நோயான 'மேலடி', தீங்கு நினைக்கும் 'மெலவலன்ட்' ஆகியவை கிளைத்தன. ஒரே செபத்தில் இத்தனை.

பூசையின் பிற பகுதிகளும் இவ்வாறே. விசுவாச அறிக்கையின் முதற்சொல் 'கிரேதோ', நம்புகிறேன் என்பது. நம்பிக் கொடுக்கும் கடன் 'கிரெடிட்'. நம்பத்தக்கது 'கிரெடிபிள்'. எதையும் நம்பிவிடுபவர் 'கிரெடுலஸ்'. என்னை நம்பலாம் என்று காட்டும் சான்றுகள் 'கிரெடென்ஷியல்ஸ்'. மார்பில் தட்டிக்கொண்டு சொன்ன 'குல்பா' குற்றத்தைக் குறிப்பது. குற்றப் பொறுப்புடையவர் 'கல்பபிள்'. குற்றத்திலிருந்து விடுவிப்பது 'எக்ஸ்கல்பேட்'. இதயங்களை மேலே எழுப்புங்கள் என்ற அழைப்பில் வரும் 'கோர்தா'வின் வேர் இதயம். இதயம் கனிந்த வரவேற்பு 'கார்டியல்'; இதயங்கள் ஒன்றுவது 'கான்கார்ட்'; பிரிவது 'டிஸ்கார்ட்'. இறந்தோரைக் குறிக்கும் சொல்லிலிருந்து நம் அரசு மருத்துவமனைப் பேச்சில் புழங்கும் 'மார்ச்சுவரி' வந்தது. பூசை முடிவில் சென்று வாருங்கள் என்று அனுப்பும் சொல்லே ஆங்கிலத்தில் பூசைக்குப் பெயராயிற்று. அனுப்பப்படும் பணி 'மிஷன்'. அனுப்பப்படும் தூதர் 'எமிசரி'. எறியப்படும் படைக்கலம் 'மிஸைல்'.

வீட்டுக்குள்ளேயும் இலத்தீன் இருக்கிறது. 'பேனா' இறகைக் குறிக்கும் 'பென்னா'விலிருந்து போர்த்துக்கீசியம் வழியாக வந்தது. ஆங்கிலப் 'பென்' பிரெஞ்சு வழியாக வந்தது. ஒரு தாயின் இரு மக்கள் நம் சட்டைப்பையில் சந்தித்துக்கொண்டார்கள். 'ஜன்னல்', வாயிலைக் குறிக்கும் 'யானுவா'விலிருந்து வந்தது. வாயிற்காவலரைக் குறித்த 'ஜானிட்டர்' அதன் உறவு. 'அலமாரி' முதலில் படைக்கலம் வைக்கும் இடம்; 'ஆர்மி', 'ஆர்மர்' ஆகியவை அதன் உறவு. நம் மூத்தோர் 'குருசு' என்று சொன்னதன் வேரிலிருந்து, தாங்கொணா வேதனையைக் குறிக்கும் 'எக்ஸ்குரூசியேட்டிங்' என்ற சொல் வந்தது. சிலுவையில் அறையப்படுவது போன்ற வேதனை என்பது அதன் கருத்து. இதை அறிந்தபின் அச்சொல்லை எளிதாகப் பயன்படுத்த மனம் வருவதில்லை.

கடல்கடந்து வந்த மாணவர்கள்

வேற்றுமொழியின் உயர்நிலைச் சொற்களை எவ்வாறு கற்பது என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதில் மாணவராயிருந்தவர்கள் ஐரோப்பியக் குருக்கள். ஆசிரியராயிருந்தவர்கள் நம் முன்னோர். அந்தோணி தெ ப்ரொயென்சா அடிகளார் தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி, அவர் இறந்தபின் 1679இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதில் உண்டு. அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருப்பதைத் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் 1954இல் கண்டார். 1966இல் அதன் ஒளிப்பட மறுபதிப்பு வெளிவந்தது.

இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680இல் பிறந்து, 1710இல் கோவாவுக்கு வந்து சேர்ந்தவர் கொன்ஸ்தான்சோ பெஸ்கி அடிகளார். அவர் வீரமாமுனிவராக மலர்ந்த வரலாறு நம் பிள்ளைகளுக்குப் பாடமாக உள்ளது. திண்டுக்கல்லில் இயேசு சபையாரின் இல்லம் ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 'தேம்பாவணி'யை நாம் போற்றுகிறோம். ஆனால் 1732இல் அவர் முடித்த 'சதுரகராதி'யை, ஒரு மாணவர் தமக்கு அமைத்துக்கொண்ட கல்வித் திட்டமாக நாம் பார்ப்பதில்லை.

சதுரகராதிக்கு நான்கு பகுதிகள். பெயரகராதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருவது. பொருளகராதி, ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தருவது. தொகையகராதி, முக்கனி, நாற்படை, ஐம்பொறி என்று தொகையாக வழங்குவனவற்றை விரித்துரைப்பது. தொடையகராதி, எதுகையால் ஒத்துவரும் சொற்களை ஓரிடத்தில் சேர்ப்பது. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நம் நிகண்டுகளே மூலம். நிகண்டுச் செய்யுள்களைத் திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் நெட்டுருப் போட்டார்கள். சொற்களை அகரவரிசையில் அடுக்கும் முயற்சியும் 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய 'அகராதி நிகண்டு' காலத்திலேயே தொடங்கிவிட்டது. முனிவர் அவற்றைக் கற்று, தேடுவோர்க்கு எளிதாக நான்கு வாயில்களில் வகுத்து வைத்தார். சென்னைக் கல்விச் சங்கத்தார் அதனை 1824இல் அச்சிட்டனர். ஆங்கிலத்தில் ஒருபொருட்பன்மொழிகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற ரோஜே என்பாரின் நூல் வெளிவந்தது 1852இல். நம் நிகண்டு மரபு அதனினும் பன்னூறு ஆண்டு மூத்தது.

இந்த நான்கு வாயில்கள் இன்று ஆங்கிலம் கற்பவருக்கும் வழிகாட்டும். ஒரு சொல் எத்தனை பொருளில் வருகிறது என்று குறித்துக்கொள்க. ஒரு கருத்துக்கு எத்தனை சொற்கள் உள்ளன, அவற்றிடையே வேறுபாடு யாது என்று பார்க்க. ஒரு துறையைச் சேர்ந்த சொற்களை ஓரிடத்தில் தொகுத்துக்கொள்க. ஒலியால் ஒத்தவற்றை அருகருகே வைத்துக் குழப்பம் தவிர்க்க. இவற்றோடு ஐந்தாவதாக வேரைச் சேர்த்துக்கொண்டால் போதும். முனிவர் தமிழில் ஏறியதும் தம் தாய்மொழியையும் இலத்தீனையும் தள்ளிவிட்டு அன்று. கொடுந்தமிழ் இலக்கணத்தை அவர் இலத்தீனில் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. தெரிந்த மொழியின் தோளில் நின்றே அவர் தெரியாத மொழியின் கிளையை எட்டிப் பிடித்தார்.

நாம் கொடுத்தவை

சொற்கள் ஒருபக்கமாகவே வந்தன என்று எண்ணிவிடலாகாது. மாங்காய்ப் பூட்டுக்கு மீண்டும் வருவோம். மாங்காய் என்னும் நம் சொல்லே, மலையாளக் கரை வழியாகப் போர்த்துக்கீசியர் வாயில் 'மங்கா'வாகி, ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆயிற்று. ஆகவே மாங்காய்ப் பூட்டையும் அதன் சாவியையும் ஒருவர் கையில் வைத்திருக்கும்போது, நாம் உலகுக்குக் கொடுத்த சொல்லும் உலகம் நமக்குக் கொடுத்த சொல்லும் ஒரே வளையத்தில் கோத்துக் கிடக்கின்றன.

திண்டுக்கல் சமவெளியின் புகையிலைக்கும் அத்தகைய கதை உண்டு. இங்கு விளைந்த இலையும் திருச்சிராப்பள்ளிச் சுருட்டும் ஆங்கிலேயரிடையே பெயர் பெற்றிருந்தன. சுருட்டப்பட்டது என்ற பொருளில் நம் மக்கள் வழங்கிய 'சுருட்டு'தான் ஆங்கில அகராதியில் 'செரூட்' என்று இடம்பெற்றுள்ளது. கட்டுமரம், அணைக்கட்டு, மிளகுதண்ணீர் ஆகியவையும் கடல் கடந்தன. இத்தகைய சொற்களைத் தொகுத்து யூல், பர்னெல் என்ற இருவர் 1886இல் வெளியிட்ட பேரகராதியில் நம் வயலும் சமையற்கட்டும் கடற்கரையும் நிறைந்து கிடக்கின்றன. ஆங்கிலத்தின்முன் கூனிக்குறுகி நிற்கும் இளைஞருக்கு இதை எடுத்துச் சொல்வது நல்லது. அவர் அந்த மாளிகைக்கு முற்றிலும் அயலார் அல்லர். அதன் சுவரில் அவர் ஊர்ச் செங்கல்லும் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை

வேர் தேடும் ஆர்வம் சிலரை வழிதவறச் செய்வதும் உண்டு. 'ஒன்று' என்பதிலிருந்தே ஆங்கில 'ஒன்' வந்தது என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். அவ்விரண்டுக்கும் தொடர்பு இல்லை. இரண்டும் தத்தம் மொழிக்குடும்பத்தில் தனித்தனியே தோன்றியவை. ஒலி ஒற்றுமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது. ஆங்கிலத்துக்குள்ளேயே 'பென்', 'பென்சில்' இரண்டும் அக்கா தங்கைபோல் தோன்றும். முன்னது இறகிலிருந்து வந்தது. பின்னது தூரிகையைக் குறித்த வேறொரு சொல்லிலிருந்து வந்தது. ஆகவே வேர் என்று ஒன்றைச் சொல்லுமுன் அகராதியைத் திறந்து பார்ப்பது கடமை. மெய்யை நேசிப்பவருக்குப் பெருமைக்காகவும் பொய் சொல்ல உரிமை இல்லை.

வேர்ப்பொருளே இன்றைய பொருள் என்றும் கொள்ளலாகாது. 'கம்பேனிய'னோடு அப்பம் உண்ண வேண்டும் என்பதில்லை. சொற்கள் மனிதரைப்போல் வளர்ந்து மாறுகின்றன. வேர் நினைவுக்குத் துணை. வழக்கு அறிய வாசிப்பே துணை. ஒரு சொல்லை மூன்று இடங்களில் நல்ல உரைநடையில் கண்டு, ஒருமுறை தானே எழுதிப் பார்த்த பின்னரே அது நமக்குச் சொந்தமாகிறது.

எஞ்சியிருக்கும் குரல்கள்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டை வெளியிட்டது. அதன்பின் பீடத்தில் தமிழ் ஒலிக்கத் தொடங்கிற்று. பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியாயிற்று. தம் தாய்மொழியில் இறைவனோடு பேசும் உரிமையை மக்கள் பெற்றது பெரும்பேறு. அதை இழந்து பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. என் பாட்டனாரும் அவ்வாறு விரும்பியதில்லை. முதல் தமிழ்ப் பூசையில் தாம் அழுததாக அவர் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் பத்து வயதில் பீடத்தருகே முழந்தாளிட்ட சிறுவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். அந்த மறுமொழிகளை அவர்கள் இன்னும் மறக்கவில்லை. இன்னும் சில ஆண்டுகளில் அந்தக் குரல்கள் நம்மிடையே இரா. ஒவ்வொரு பங்கிலும் இளைஞர் குழுவினர் ஒரு ஞாயிறு மாலை அத்தகைய பெரியவர் ஒருவரை அழைத்து உட்காரவைத்து, அவர் நினைவிலுள்ள இலத்தீன் சொற்களைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளட்டும். எதிரே அதன் தமிழ்ப்பொருளை எழுதட்டும். மூன்றாம் பத்தியில், அகராதியைப் பார்த்து, அதிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொற்களை எழுதட்டும். செலவு ஒரு நோட்டுப்புத்தகமே. தேர்வுக்கு அது உதவும். அதைவிட, தமக்கு ஒன்றும் தெரியாது என்று ஒதுங்கியிருக்கும் ஒரு முதியவர், கல்லூரி மாணவர் நடுவே ஆசிரியராக அமர்வார்.

என் பாட்டனாருக்கு அந்த நாள் வாய்க்கவில்லை. அன்று திண்ணையில் நான் அவரிடம் ஒரு சொல்லை மட்டும் கேட்டுவிட்டு, பட்டியலின் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது; நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.